‘தேவைப்பட்டால் கொடுக்கவும்’: வீட்டில் வலிமருந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: முற்றிய புற்றுநோயோடு இருக்கும் தந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் குழுவின் உதவியோடு பார்த்துக்கொள்கிறார்கள். மருந்து கொடுக்கும் பொறுப்பு அம்மாவுடையது. அவர் அதிகம் படிக்காதவர். மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்தை எடுக்கவே தயங்குகிறார். தந்தை இப்போது பேசுவதும் குறைந்துவிட்டது. சில இரவுகளில் வலியில் புரள்கிறார். அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று மகள் கேட்கிறார்.

நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியராகப் பல வீடுகளுக்குச் சென்று வந்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் தயக்கத்துக்கு அவருடைய படிப்பைக் காரணமாகக் கொள்ள வேண்டாம். அப்படி எடுத்துக்கொண்டால் தீர்வு தவறான இடத்தில் தேடப்படும். அவருக்குத் தாழ்வு மனப்பான்மையும் மிஞ்சும். வீட்டில் வலி அடங்காமல் போவதற்கு மருந்து வேலை செய்யாதது காரணமாக இருப்பதைவிட, பாட்டிலுக்கும் கொடுக்கும் கைக்கும் இடையில் ஏதோ ஒன்று விளங்காமல் நின்றுவிடுவது காரணமாக இருப்பதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று பார்ப்பதுதான் இந்தப் பதில்.

மருத்துவமனையில் வலி வந்தால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நோயாளியிடம் வலி எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார். எந்த மருந்து, எவ்வளவு என்று இன்னொருவர் முடிவு செய்கிறார். அதை அளந்து மற்றொருவர் கொடுக்கிறார். அரைமணி நேரம் கழித்து வலி குறைந்ததா என்று யாரேனும் வந்து பார்க்கிறார். இவர்கள் அனைவரும் பயிற்சி பெற்றவர்கள். ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் பணிக்கு வருவார். வீட்டிலோ இந்த நான்கு வேலையும் ஒருவர் தலையில், அதுவும் படுத்திருப்பவர்மீது உயிரையே வைத்திருக்கும் ஒருவர் தலையில் விழுகிறது. அவருக்குக் கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் வீட்டுக்குக் கிளம்பும் பரபரப்பில் சொல்லப்பட்ட சில வாக்கியங்களும், மடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு தாளும்தான்.

சுகாதார எழுத்தறிவு என்று இன்று சொல்லப்படுவது இந்த இடத்தில்தான் பொருள்படுகிறது. அந்தப் பெயர் சற்றே தவறாக வழிநடத்துகிறது; எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதுதான் அது என்று தோன்றச் செய்கிறது. டான் நட்பீம் என்ற பொதுச் சுகாதார அறிஞர் 2000-இல் எழுதிய கட்டுரையில் அதை மூன்று படிகளாகப் பிரித்தார். மருந்துச் சீட்டில் உள்ளதைப் படித்து விளங்கிக்கொள்வது முதல் படி. மருத்துவரோடும் செவிலியரோடும் பேசி, கேட்டு, தன் நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது இரண்டாவது. கிடைத்த தகவலை எடைபோட்டு, சூழல் மாறும்போது தானே முடிவெடுப்பது மூன்றாவது. வீட்டில் மருந்து கொடுப்பவரிடம் முதல் நாளிலேயே மூன்றாவது படியை எதிர்பார்க்கிறோம். கற்றுக்கொடுப்பதோ முதல் படியைக்கூட முழுமையாக இல்லை.

படிப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தளர்வானது என்பதை எனக்குப் புரியவைத்தவர், வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதிய ஒரு பெரியவர். மனைவிக்குக் கொடுக்கும் மருந்துகளுக்காக அவர் ஒரு நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை தயாரித்திருந்தார். நேரம், மருந்தின் பெயர், அளவு என எல்லாக் கட்டமும் நேர்த்தியாக நிரம்பியிருந்தன. இடையில் வரும் வலிக்கான கூடுதல் டோஸ் என்ற கடைசிக் கட்டம் மட்டும் நான்கு நாளாக வெறுமையாக இருந்தது. வலியே வரவில்லையா என்று கேட்டேன். “தேவைப்பட்டால் என்றுதானே எழுதியிருக்கிறது, அவள் கேட்கவே இல்லையே” என்றார். உள்ளறையில் படுத்திருந்த அம்மையாரிடம் கேட்டபோது, “ராத்திரி முழுக்க வலிதான். அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார், எழுப்ப மனசு வரவில்லை” என்றார். மருந்துத் தாளில் அந்தப் பெரியவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து ஒன்றுமில்லை. ‘தேவைப்பட்டால்’ என்ற சொல் யாருடைய தேவை, அதை யார் அறிவிப்பது, எந்த அளவுக்கு வந்தால் தேவை என்று சொல்லாமல் விட்டிருந்தது. மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவை அந்த ஒரு சொல் சத்தமில்லாமல் குடும்பத்தின் கையில் வைத்துவிடுகிறது.

ஆகவே உங்கள் அம்மாவுக்கு முதலில் தெளிவாக வேண்டியது, வலிமருந்து இரண்டு வகையாகக் கொடுக்கப்படுகிறது என்பதுதான். ஒன்று, நேரம் தவறாமல் கொடுக்கும் வழக்கமான மருந்து. இன்னொன்று, அதையும் மீறி வலி தலைதூக்கும்போது கொடுக்கும் கூடுதல் டோஸ். உடனடியாக வேலை செய்யும் வகை மார்ஃபினை வாயால் கொடுத்தால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் பலன் தொடங்கும்; சுமார் நான்கு மணி நேரம் நீடிக்கும். மெதுவாகக் கரையும் மாத்திரை பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கப்படும். வலி இப்போது இல்லை என்பது வழக்கமான டோஸைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. வலி இல்லாமல் இருப்பதே அந்த டோஸால்தான். அதைத் தவறவிட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, வலி முழு வேகத்தில் திரும்பி வரும். அப்படித் திரும்பிய வலியை அடக்க, வராமல் காப்பதைவிட அதிக மருந்தும் அதிக நேரமும் பிடிக்கும். அதற்குள் நோயாளிக்கு மருந்தின்மீதே நம்பிக்கை போய்விடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதிகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. 2018-இல் அந்த வழிகாட்டி திருத்தப்பட்டபோது, வலிமருந்துகளைப் படிப்படியாக ஏற்றும் புகழ்பெற்ற ஏணி முறை அடிப்படை விதிகளின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் இயன்றவரை வாய்வழியாக, கடிகாரப்படி, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி, நுணுக்கங்களில் கவனத்தோடு என்ற நான்கும் அப்படியே நின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்ன நுணுக்கக் கவனம் முழுக்க முழுக்க வீட்டிலிருப்பவரின் வேலை.

கூடுதல் டோஸ் எவ்வளவு என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார். பொதுவாக ஒரு நாள் முழுவதும் கொடுக்கும் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி அது அமையும். நாளொன்றுக்கு மொத்தம் 60 மி.கி. வாங்குபவருக்குச் சுமார் 10 மி.கி. என்று வைத்துக்கொள்ளலாம். இதை நீங்களே கணக்கிட்டுக் கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. வழக்கமான டோஸ் உயர்த்தப்படும்போது கூடுதல் டோஸும் அதற்கேற்ப உயர வேண்டும் என்பதையும், அது விட்டுப்போயிருந்தால் கேட்க வேண்டும் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பதற்காகச் சொல்கிறேன். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு மருந்துக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நான்கு விடை வாங்கி எழுதி வையுங்கள்: எதைக் கண்டால் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, குறையாவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், ஒரு நாளில் எத்தனை முறைக்கு மேல் தேவைப்பட்டால் அவர்களை அழைப்பது. இந்த நான்காவது விடைதான் பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. கூடுதல் டோஸ் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் வழக்கமான டோஸ் போதவில்லை என்று பொருள். மருத்துவர் அடுத்த முடிவை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்.

அடுத்த கண்ணி மில்லிகிராமும் மில்லிலிட்டரும். மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் என்பது அது கரைந்திருக்கும் நீர்மத்தின் கொள்ளளவு. திரவ மார்ஃபின் வெவ்வேறு செறிவுகளில் வருகிறது. ஒரு பாட்டிலில் ஒரு மி.லி.க்குள் 2 மி.கி. இருக்கலாம், இன்னொன்றில் அதே ஒரு மி.லி.க்குள் 20 மி.கி. இருக்கலாம். 10 மி.கி. கொடுக்க வேண்டுமானால் முதல் பாட்டிலிலிருந்து 5 மி.லி., இரண்டாவதிலிருந்து வெறும் அரை மி.லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே எடுத்தால் பத்து மடங்கு போய்ச் சேரும். இது வீட்டிலிருப்பவர்கள் மட்டும் செய்யும் தவறன்று. செறிவு மிகுந்த மார்ஃபின் திரவத்தில் இந்த இரண்டு அளவுகளும் குழம்பி நேர்ந்த விபரீதங்களைப் பற்றி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்குமே எச்சரிக்கை விடுத்தது. எனவே மருந்து வாங்கி வரும் ஒவ்வொரு முறையும் பாட்டிலில் உள்ள செறிவைப் பழைய பாட்டிலோடு ஒப்பிடுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்கவே கூடாது. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கரண்டிகள் கொள்ளும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. ஊசி இல்லாத வாய்வழிச் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குக் கோடுகளைப் படிப்பது சிரமமாக இருந்தால், செவிலியர் முன்னிலையில் சரியான கோட்டின்மீது மெல்லிய வண்ண ஒட்டுநாடாவைச் சுற்றிவிடலாம். டோஸ் மாறும் நாளில் அந்த நாடாவைக் கழற்றிப் புதிய இடத்தில் சுற்ற வேண்டும் என்பது மட்டும் மறக்கக் கூடாது.

இதே தலைப்பில் இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ உடைக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே வேளையில் இறங்கிவிடும். விழுங்க முடியாமல் போனால் பொடித்துக் கொடுப்பதற்குப் பதில் அழைத்துச் சொல்லுங்கள். வேறு வடிவம் தருவார்கள். ஃபென்டனில் என்ற வலிமருந்தைத் தோல்வழியாகச் செலுத்தும் ஒட்டு பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுவது. முதன்முறை ஒட்டியதும் பலன் முழுமையாகத் தெரிய அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறும். கடுங்காய்ச்சலும் அதையே செய்யும். பாராசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரையும் தனிப் பாராசிட்டமாலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது, மெலிந்து போனவருக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு.

இனி அச்சங்களுக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இவைதான். சாண்ட்ரா வார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு வினாத்தொகுப்பு, புற்றுநோயாளிகள் வலியைச் சொல்லவும் மருந்தை எடுக்கவும் தயங்குவதற்கான காரணங்களை அளவிட்டது. அடிமையாகிவிடுவோமோ என்ற பயம், உடல் மருந்துக்குப் பழகிவிடும் என்ற எண்ணம், பக்கவிளைவுகள், வலி கூடினால் நோய் முற்றுகிறது என்று பொருளாகுமே என்ற அச்சம், முணுமுணுக்காதவரே நல்ல நோயாளி என்ற நினைப்பு, வலியைப் பேசினால் மருத்துவரின் கவனம் நோயிலிருந்து விலகும் என்ற கவலை ஆகியவை அதில் இருந்தன. நான் சென்ற வீடுகளில் இதே அச்சங்கள் படுத்திருப்பவரைவிடப் பார்த்துக்கொள்பவரிடம் வலுவாக இருந்தன. அவரிடம் போய் “பயப்படாதீர்கள்” என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. எந்த அச்சம் என்று கேட்டு, அதற்குரிய விடையைச் சொல்ல வேண்டும்.

அடிமையாதல் என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. சில வாரங்கள் மார்ஃபின் எடுத்தவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். இது உடல் சார்ந்திருத்தல், எல்லோருக்கும் ஏற்படுவது. படிப்படியாகக் குறைத்தால் வராது. அதே பலனுக்கு நாளடைவில் சற்றுக் கூடுதல் அளவு தேவைப்படலாம், இது பழகிப்போதல். கேடு விளைவது தெரிந்தும் போதைக்காக மருந்தைத் தேடி அலையும் கட்டுப்பாடற்ற நிலைதான் அடிமையாதல். முற்றிய நோயின் வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் வாங்குபவர் அந்த நிலைக்குப் போவது அரிது. உங்கள் தந்தை அடுத்த டோஸ் எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்தால், அது பெரும்பாலும் வலி போதிய அளவு அடங்கவில்லை என்பதைத்தான் காட்டும்.

“இப்போதே கொடுத்துவிட்டால், பிறகு வலி பெரிதாகும்போது கொடுக்க ஒன்றும் இருக்காதே” என்பது இன்னொன்று. கஷ்ட காலத்துக்குச் சேமித்து வைக்கும் அதே அக்கறைதான் மருந்திலும் வெளிப்படுகிறது என்பதால் எனக்கு இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஆனால் மார்ஃபினுக்குப் பாராசிட்டமாலைப் போல ஒரு நிலையான உச்ச வரம்பு இல்லை. வலி கூடினால், பக்கவிளைவுகளைக் கவனித்துக்கொண்டே, மருத்துவர் அளவை உயர்த்தலாம். வேறு மருந்துக்கும் மாற்றலாம். இன்று சேமிக்கும் டோஸால் நாளைக்கு எந்தப் பயனும் சேராது; இன்றைய இரவுதான் வீணாகும்.

பக்கவிளைவுகளில் அஞ்ச வேண்டியதையும் பொறுக்க வேண்டியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். குமட்டல் வந்தால் பெரும்பாலும் முதல் சில நாள்களில் வந்து போய்விடும். அதற்கு மருந்து உண்டு. தொடக்கத்திலும் டோஸ் கூட்டும்போதும் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். பல இரவுகள் வலியால் தூங்காதவர் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்குவதும் அதில் சேர்ந்திருக்கும். மலச்சிக்கல் மட்டும் நாள் போகப் போகத் தானாகச் சரியாகாது. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே கேளுங்கள். மலச்சிக்கல் தாங்காமல் மார்ஃபினையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வலியோடு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான மலமிளக்கி அந்த வேதனையைத் தவிர்த்திருக்கும்.

எழுப்பினாலும் எழாத ஆழ்ந்த மயக்கம், மூச்சு மிக மெதுவாகவும் இடைவெளி விட்டும் வருவது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் மருந்து மிகுந்துவிட்டதாக ஐயப்பட வேண்டும். கைகால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் மருந்து உடலில் தேங்குவதன் அறிகுறியாகலாம்; சிறுநீரகம் தளரும்போது மார்ஃபின் உடலில் சிதைந்து உருவாகும் பொருள்கள் வெளியேறாமல் தங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும் சொல்லுங்கள். இந்த அடையாளங்களில் எதைக் கண்டாலும் எந்த நேரமானாலும் உடனே அழைக்க வேண்டும்.

தந்தை பேசுவது குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கான பன்னாட்டு ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகாது என்ற கருத்தைக் குறிப்பாகப் பதிவு செய்தது. பேச முடிகிற வரை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். எண் சொல்ல இயலாவிட்டால் கொஞ்சமா, நடுத்தரமா, தாங்க முடியாததா என்று கேட்டுத் தலையசைப்பைப் பாருங்கள். அதுவும் முடியாதபோது உடலைத்தான் படிக்க வேண்டும். முற்றிய மறதிநோயாளிகளுக்காக 2003-இல் உருவாக்கப்பட்ட ஓர் அளவை ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு விடும் விதம், முனகல் போன்ற ஒலி, முகம், உடலின் இறுக்கம், ஆறுதல்படுத்தினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை, மொத்தம் பத்து.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூத்த சகோதரி, தம்பியைப் பார்த்துக்கொண்ட வீடு நினைவுக்கு வருகிறது. இந்த அளவையைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. “புருவத்துக்கு நடுவில் முடிச்சு விழுந்தால் வலி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வேன். இடது கை போர்வையைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டால் நான் நேரம் கடத்திவிட்டேன் என்று அர்த்தம்” என்றார். புரட்டிப் படுக்க வைப்பதற்கும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கும் அரைமணி நேரம் முன்பே கூடுதல் டோஸ் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார். அவர் கொடுக்கும் விவரத்தை வைத்து நாங்கள் தொலைபேசியிலேயே மருத்துவரிடம் பேசி டோஸை மாற்ற முடிந்தது. நட்பீம் சொன்ன மூன்றாவது படி அதுதான். முதல் படியில் கால் வைக்காமலே அவர் அங்கே நின்றிருந்தார். உங்கள் அம்மாவிடமும் இப்படி ஓர் அறிவு இருக்கும். இத்தனை ஆண்டு கூடவே வாழ்ந்தவருக்கு அவர் முகம் தெரியாதா? என்ன மாற்றத்தைப் பார்க்கிறார் என்று அவரையே சொல்லச் சொல்லி, அதைச் செவிலியரிடம் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. அருகிலிருந்து பார்ப்பவர்கள் நோயாளி சொல்வதைவிட வலியைக் கூடுதலாக மதிப்பிடுவது ஆய்வுகளில் அடிக்கடி காணப்பட்ட ஒன்று; பார்ப்பவரின் துயரமும் அந்த எண்ணில் ஏறிவிடுகிறது. கடைசி நாள்களில் தொண்டையில் கேட்கும் கரகரப்பு, உணர்விழந்தவரின் தொண்டையில் தேங்கிய சளியால் வருவது. கேட்பவருக்கு அது கொடுமையாக இருந்தாலும், நெற்றி தளர்ந்து முகம் அமைதியாக இருந்தால் அவருக்கு வலி இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. சிறுநீர் தேங்கி அடிவயிறு உப்பியிருந்தாலும் மலம் இறுகியிருந்தாலும் அமைதியின்மை வரும். அங்கே மார்ஃபினைக் கூட்டுவது தீர்வாகாது.

மருந்தால் மட்டும் தீராத வலியும் உண்டு. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்து வலிப்பதை ‘முழுமையான வலி’ என்று அழைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருப்பதும், பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் இருப்பதும் டோஸுக்குக் கட்டுப்படாத வலியாக இரவில் வெளிப்படும். அதனால் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தோடு கூட, பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் வேண்டும்.

இப்போது கற்றுக்கொடுக்கும் எங்கள் தரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வருத்தம் இதில்தான் அதிகம். “புரிந்ததா?” என்று கேட்டால் எவரும் “புரிந்தது” என்றுதான் சொல்வார்கள். எதிரில் நிற்பவருக்கு நேரமில்லை என்பது தெரியும். திரும்பக் கேட்பது அறியாமையாகத் தெரியுமோ என்ற கூச்சமும் இருக்கும். அதற்குப் பதிலாக, “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், இன்று இரவு இரண்டு மணிக்கு அவருக்கு வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். சொல்பவர் தடுமாறினால் விளக்கியவர்தான் வேறு விதமாக மறுபடி விளக்க வேண்டும். திருப்பிச் சொல்ல வைத்தல் எனப்படும் இந்த முறைக்குச் செலவு ஒன்றுமில்லை, சில நிமிடங்கள்தான். சிரிஞ்சில் அளந்து எடுப்பதையும் இப்படியே செய்து காட்டச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவினர் யாரேனும் இதைச் செய்யாமல் கிளம்பினால், நீங்களே “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்று நிறுத்துங்கள். எந்த நல்ல செவிலியரும் அதற்காகக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சுகாதார எழுத்தறிவு ஒருவரிடம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகலில் தெளிவாக விளக்கும் அதே மனிதர், மூன்று இரவு தூங்காத பிறகு பாட்டிலின்மீதுள்ள எண்ணை இரண்டு முறை படித்தும் மனத்தில் வாங்க முடியாமல் நிற்பார். பிரியப்போகிறோம் என்ற துயரமும் அதையே செய்யும். ஆகையால் விளக்கத்தை அம்மா ஒருவரிடம் மட்டும் சொல்லி முடிக்காமல், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் சேர்ந்து கேளுங்கள். ஒரே தாளில், பெரிய எழுத்தில், மருந்தின் பெயரோடு அது எதற்கு என்பதையும் எழுதி, படுக்கைக்கு அருகில் ஒட்டுங்கள். இரவில் அழைக்க வேண்டிய எண் அதன் தலைப்பில் இருக்கட்டும். கொடுத்த ஒவ்வொரு டோஸையும் அந்த நேரத்திலேயே குறித்து வைத்தால், கொடுத்தோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாம் முறை கொடுப்பதும் விடுபட்டுப்போவதும் நேராது. வாரத்தில் சில இரவுகளாவது மருந்துப் பொறுப்பை இன்னொருவர் ஏற்று, அம்மா வேறு அறையில் தூங்க வேண்டும்.

கடைசியாக, அவர் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஓர் அச்சம். தான் கொடுக்கும் டோஸே உயிரைப் பறித்துவிடுமோ என்பது அது. நேரம் தவறாமல் மருந்து கொடுக்கப்படும் வீட்டில், ஏதோ ஒரு டோஸ் கடைசி டோஸாக அமையத்தான் செய்யும். மரணம் அதற்கு அரைமணி நேரத்திலும் வரலாம், நான்கு மணி நேரத்திலும் வரலாம். வலிக்கேற்பப் படிப்படியாக உயர்த்தப்பட்ட மார்ஃபின் இறுதி நாள்களில் ஆயுளைக் குறைத்துவிடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை; மூச்சு தளர்வதும் கைகால் குளிர்வதும் நோயின் போக்கில் உடல் அடங்குவதன் அறிகுறிகள். இதை அந்த நாள் வருவதற்கு முன்பே, அம்மா ஓய்வாக இருக்கும் ஒரு பகல் வேளையில், மருத்துவர் வாயாலேயே அவரிடம் சொல்லச் செய்யுங்கள். சொல்லி முடித்ததும், தான் கேட்டதை அம்மா தன் சொந்த வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும்.